சைக்கிளில் செயின் மட்டும் மாற்றினால் போதுமா, கேசட்டோடு (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) சேர்த்தா?

கைப்பிடி: 9 ஸ்பீடு (9 பல்சக்கரம்) கேசட். செயின் கேஜில் (தேய்மானம் அளக்கிற கருவி) 0.75% பக்கம் உள்ளே இறங்கிடுது. புது செயின் மட்டும் போட்டா போதுமா?

முழுசெட்: ரெண்டையும் மாத்துங்க. செயின் நீளுதுன்னு சொல்றோமே தவிர இரும்பு நீளறதில்ல. கண்ணிகளைக் கோர்க்கிற பின்னும் (pin) அது உரசுற உள்தகடும் தேயுது, 12.7 மி.மீ. பிட்ச் (பின்னுக்குப் பின் உள்ள தூரம்) கூடுது. உடனே ரோலர் (பின்னைச் சுத்தியிருக்கிற உருளை) பல்லின் உச்சிப் பக்கம் ஏறி ஓடும், பல் கொக்கியா வளையும். அந்தக் கொக்கியில் புது செயின் அடிவரை உட்காராது. அழுத்தி மிதிச்சா தாவும்.

அரையங்குலம்: கொக்கியாகும் வரை ஓட்டினவங்களுக்கு அது சரி. 0.75-க்கே கேசட்டைத் தூக்கிப் போடச் சொல்றது அநியாயம். முதல்ல அந்த கேஜையே சந்தேகப்படுங்க. ரெண்டு முனை கேஜ் ரோலர்களை எதிரெதிராத் தள்ளி அளக்கும். ரோலரோட ஆட்டமும் கணக்குல சேர்ந்து தேய்மானம் கூடுதலாத் தெரியும். இரும்பு ஸ்கேல் எடுத்து, செயினை இறுக்கிப் பிடிச்சு, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யம் வைங்க. 24 கண்ணி தள்ளி உள்ள பின் 304.8 மி.மீ.-ல் இருக்கணும். 306.3 வந்தா 0.5%, 307.1 வந்தா 0.75%, 307.8 வந்தா 1%. 9, 10 ஸ்பீடுக்கு 0.75 வரை விடலாம். 11, 12-க்கு 0.5-லயே மாத்திடணும்.

முழுசெட்: முக்கால் மி.மீ. வித்தியாசத்தைக் கண்ணால படிச்சு முடிவெடுக்கணுமாக்கும்!

அரையங்குலம்: செயினைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு 96 கண்ணியை டேப்பில் அளங்க. 1219 மி.மீ. இருக்கணும். 0.75% தேய்ஞ்சிருந்தா 9 மி.மீ. கூடும். இது கண்ணுக்குத் தெரியாதா?

ஒற்றைக்கியர்: ரெண்டு பேரும் கேசட்டை வச்சே பேசுறீங்க. 6, 7 ஸ்பீடு திருகு ஃப்ரீவீலுக்கு (பின்சக்கர நடுவில் மொத்தமாத் திருகிப் பூட்டுற பல்சக்கர அடுக்கு) அளவே வேண்டாம். தாவ ஆரம்பிக்கிற வரை ஓட்டிட்டு செயினையும் ஃப்ரீவீலையும் ஒண்ணா மாத்தறதே லாபம். கழற்றத்தான் உயிர் போகும். மிதிக்க மிதிக்கத் தானா இறுகுற திருகு அது. புதுசைப் பூட்டும்போது திருகில் கிரீஸ் தடவாம விட்டா அடுத்த தடவை வராது.

அரையங்குலம்: ஃப்ரீவீலுக்கு ஒத்துக்கறேன். கைப்பிடி, நீங்க செயினை மட்டும் போட்டுப் பாருங்க. பழைய செயினைப் பக்கத்துல வச்சு நீளம் பார்த்து வெட்டாதீங்க, கண்ணியை எண்ணி வெட்டுங்க. 110 கண்ணி செயின் 1% தேய்ஞ்சா 14 மி.மீ. கூடியிருக்கும், அதாவது ஒரு கண்ணிக்கும் மேல. அப்புறம் ஒவ்வொரு பல்சக்கரத்திலும் அழுத்தி மிதிச்சுப் பாருங்க. வேற வண்டி வராத இடத்துல, உட்கார்ந்தபடியே. நின்னு மிதிக்கும்போது தாவினா முகம் ஹேண்டில்பார்ல.

முழுசெட்: 11, 13 பல்லில் தாவும், பாருங்க. பல் குறைவு, அதே சுமை.

அரையங்குலம்: தாவினா அதை மட்டும் மாத்தலாமே. பல கேசட்டில் சின்னச் சக்கரங்கள் தனித்தனியாத்தான் வரும், பெருசுதான் சேர்த்து ரிவிட் அடிச்சிருக்கும்.

முழுசெட்: அதே மாடல் சக்கரம் தனியாக் கிடைச்சாத்தானே! எப்படியும் லாக்ரிங் (கேசட்டைப் பூட்டியிருக்கிற வளையம்) கழற்றணும். செயின் விப்பால் (செயின் துண்டு வச்ச பிடிகருவி) சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இடப்பக்கமாத் திருகணும். பூட்டும்போது ஃப்ரீஹப்பின் (கேசட் உட்கார்ற உருளை) அகலம் மாறுபட்ட பள்ளத்தைப் பார்த்துப் பொருத்தி, 40 நியூட்டன் மீட்டர் இறுக்கணும். கடைசியில் கரகரன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. இறுக்கியும் சக்கரங்கள் ஆடினா ஸ்பேசர் (இடைவெளி நிரப்புற வளையம்) விட்டுப் போயிருக்கு. 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் 9 ஸ்பீடு கேசட் போட்டா, பின்னாடி 1.85 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம்.

கைப்பிடி: செயின் மட்டும் மாத்திட்டேன். எல்லாச் சக்கரத்திலும் தாவுது, மெதுவா மிதிச்சாலும். அப்ப கேசட் போச்சா?

முழுசெட்: சொன்னேனே.

அரையங்குலம்: பல் தேய்ஞ்சிருந்தா அதிகம் ஓட்டின சக்கரத்தில், அழுத்தும்போதுதான் தாவும். எல்லாத்திலும் தாவினா இறுகின கண்ணி. பெடலைப் பின்னோக்கி மெதுவாச் சுத்தி, பின்பக்க டெரெய்லரின் (கியர் மாத்துற அமைப்பு) கீழ்ச் சக்கரத்தைப் பாருங்க. ஒரு கண்ணி நிமிராம வளைஞ்சே வரும், டெரெய்லர் லேசாத் துள்ளும். செயின் கட்டரில் பின்னைத் தள்ளி இணைச்ச இடமாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் பிடிச்சு, பக்கவாட்டில் லேசா வளைச்சுக் கொடுத்தா இளகிடும்.