ரத்தப் புற்றுநோய் என்றால் முதலில் எந்த வகை என்று கேளுங்கள்: மூன்று வீடுகளின் அனுபவம்

பூ மார்க்கெட் தங்கை:

என் அண்ணன் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பார். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்பார். ஆளும் இளைத்துக்கொண்டே போனார். அல்சர் என்று சொல்லித்தான் முதலில் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 1,80,000 என்று வந்தது. வழக்கமாக 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கவேண்டும். வயிற்றில் கனத்தது வீங்கிப்போன மண்ணீரல்.

விஷயம் ஊருக்குள் தெரிந்ததும் அண்ணி வீட்டு சனம் அழுதுகொண்டே வந்து இறங்கியது. ராஜாஜி மருத்துவமனை டாக்டர்தான் அண்ணியை உட்காரவைத்து, "ஏம்மா, இதுல பல வகை இருக்கு. எந்த வகைன்னு தெரியட்டும், அதுக்குள்ள அழாதீங்க" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வந்தது சி.எம்.எல் என்கிற நாள்பட்ட வகை. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் எலும்பு மஜ்ஜையில் ஒரு புரதம் உருவாகி, அணைக்க முடியாத மோட்டார் மாதிரி வெள்ளை அணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. இது பரம்பரையாக வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை. பிள்ளைகளை அவர் பக்கத்தில் விடாமல் இருந்தவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னேனோ!

மருந்து, இமாடினிப் 400 மி.கி. மாத்திரை. தினம் ஒன்று, சாப்பிட்டதும் நிறையத் தண்ணீரோடு. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்த மருந்து. காப்புரிமை வைத்திருக்க விரும்பிய நிறுவனம் மாதத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்திருந்தது. அந்தக் காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதனால்தான் நம்மூர் கம்பெனிகள் மிகக் குறைந்த விலைக்குச் செய்து தருகின்றன. மூட்டை தூக்குகிற ஒருவர் இன்று உயிரோடு இருப்பதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்காலில் இழுப்பு எல்லாம் வரும். அதற்காக நாமே நிறுத்திவிடக் கூடாது. அண்ணனோடு வந்துகொண்டிருந்த ஒருவர், உடம்பு தேறிவிட்டது என்று தானாகவே மாத்திரையை விட்டார். அணுக்கள் மறுபடி ஏறி, வேறு மருந்துக்கு மாற்றவேண்டியதாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் (அந்தக் குரோமோசோம் மாற்றத்தால் உருவான கோளாறான மரபணு) அளவு பார்ப்பதையும் தவறவிடாதீர்கள். அணுக்களின் எண்ணிக்கை சரியாகத் தெரியும்போதும் நோய் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுவது அதுதான்.

மேலூர் அம்மா:

என் மகனுக்கு வந்தது குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ஏ.எல்.எல். வேகமான வகை, காத்திருக்க நேரம் கிடையாது. விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வலி, அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே நீலநிறக் கன்றல்கள். முகம் வெளுத்ததை நாங்கள் வெயில் என்று நினைத்தோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

சிகிச்சையின் முதல் கட்டம் ஏறக்குறைய ஒரு மாதம். அது முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் புற்று அணுக்கள் தெரியவில்லை என்றார்கள். "அப்ப குணமாயிருச்சா?" என்று மாமியார் கேட்டார். இல்லை. அங்கே நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். ரத்தம் வழியாகப் போகும் மருந்து மூளைக்குப் போதிய அளவு எட்டாது என்பதால் முதுகுத்தண்டிலும் ஊசி போடுவார்கள்.

வீட்டில் தரும் மாத்திரைகளில் ரொம்பக் கவனம் வேண்டும். எங்களுக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒருநாள் மட்டும். தினம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்து, கூட்டத்தில் தொற்று வரும் என்ற பயம் இருந்ததால் அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில்தான் பார்த்தான். அழுதான் பிள்ளை.

இன்னொன்று. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும்போது வெளியிலிருந்து ஏற்றுவார்கள். அவற்றை ஃபிரிட்ஜில் வைக்க முடியாது, அறை வெப்பத்தில் ஐந்து நாள் வரைதான் தாங்கும். அதனால் கொடுக்க ஆள் வந்துகொண்டே இருக்கவேண்டும். எங்கள் தெருப் பையன்கள் முறை வைத்து பஸ் ஏறி வந்தார்கள்.

உசிலம்பட்டி மகன்:

அப்பாவுக்கு மைலோமா. இதுவும் எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய்தான். தீராத முதுகுவலி, உழைத்த உடம்பு என்று விட்டுவிட்டார். பார்த்தால் எலும்பு அரித்திருந்தது, ரத்தசோகை, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. அவர் மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் கிட்னியை இன்னும் கெடுத்திருக்கும் என்றார் டாக்டர். வயதானவர்களுக்கு முதுகுவலியோடு ரத்தமும் குறைந்திருந்தால் தயவுசெய்து சோதித்துப் பாருங்கள். இப்போது வயிற்றுத் தோலில் போடும் போர்டிசோமிப் ஊசியும் மாத்திரையுமாக ஓடுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறார்.

பூ மார்க்கெட் தங்கை:

செலவை எப்படிச் சமாளிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளி நடக்கும் நிலையில் இருக்கும்போதே அட்டையைப் போட்டுவிடுங்கள், அட்மிஷன் ஆனபிறகு அலைவது பெரிய பாடு.