இறக்கை இணைப்பில் இடைவெளி: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஆகாயப் படை 1970 முதல் 1992 வரை பயன்படுத்திய ஹாக்கர் ஹண்டர் விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியைச் செய்து வருகிறேன். பசை போடாமல் பொருத்திப் பார்த்ததில், வலப்புற இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது. இறக்கை நுனியை மேலே தூக்கினால் இடைவெளி மூடிக்கொள்கிறது. ஆனால் சாய்வு மாறிவிடுவதால், முன்னாலிருந்து பார்க்கும்போது இரு இறக்கைகளும் ஒத்துவரவில்லை.

உடலின் உள்ளே குறுக்குத் துண்டு ஒன்றை வைத்துப் பக்கச்சுவரை வெளியே தள்ளலாமா, அல்லது இடைவெளியில் மெல்லிய பாலிஸ்டைரீன் தகட்டைச் செருகி ஒட்டலாமா என்பதே என் கேள்வி. முதல் வழியில், உடலின் இரு பாதிகளும் சேரும் முதுகுப்புற இணைப்பு பின்னாளில் விரிந்துவிடும் என அஞ்சுகிறேன். இடைவெளியை அடைக்கும் களிம்பான புட்டியை மட்டும் நம்ப மனமில்லை, ஏனெனில் இவ்வளவு அகலத்தில் அது காயும்போது சுருங்கிப் பள்ளம் விழும். சூப்பர் குளூ நம் ஊர் ஈரப்பதத்தில் விரைவாக இறுகுவது வசதிதான். ஆனால் நன்கு இறுகியபின் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாவதால், உப்புத்தாள் சுற்றியுள்ள பரப்பையே முதலில் தேய்த்து, விமானத்தின் உலோகத் தகடுகளின் விளிம்புகளைக் காட்டும் பேனல் கோடுகளையும் அழித்துவிடுகிறது.

தகடுதான் சரியென்றால், அதை இறக்கையில் ஒட்டிச் சீராக்கிய பின் உடலோடு இணைப்பதா, இணைத்த பின் செருகுவதா? கால் மில்லிமீட்டர் தகடு சிங்கப்பூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.