மொபைலில் சந்தை விலை தெரிந்தால் சிறு விவசாயிக்கு லாபம் கூடுமா?

அலைவரிசை:
விவசாயிக்கு மொபைலில் விலை அனுப்புவதெல்லாம் கண்துடைப்பு என்று ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது. வட கேரளக் கடற்கரை கதையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அங்கே 1997க்கும் 2001க்கும் இடையில் கைப்பேசி சேவை பகுதி பகுதியாக வந்தது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் அதற்கு முன்னும் பின்னும் மீன் விலையைத் தொடர்ந்து பார்த்து 2007இல் எழுதினார். முன்பெல்லாம் ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் வீணாகும். அதே நாளில் சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் போதாமல் வியாபாரி நிற்பார். போன் வந்ததும் படகிலிருந்தே விசாரித்துக் கரையை முடிவு செய்தார்கள். மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. நம் நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 86 சதவீத நில உடைமைகள் 2 ஹெக்டேருக்கும் கீழே. இவர்களுக்கு மட்டும் அது ஏன் பலிக்காது?

மண்டிக்கணக்கு:
மீனை விடுங்க சார். அங்க படகேதான் வண்டி. எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு, மீன் அதுலயே இருக்கு, எந்தக் கரைக்கு வேணா திருப்பலாம். நாலு மூட்டை நிலக்கடலை வச்சிருக்கறவர் எதைத் திருப்புவார்? வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, போற இடத்துல முகம் தெரியாத தரகர், ஈரம்னு சொல்லி எடையில பிடித்தம். மெசேஜ்ல வந்த விலை வேற, கைக்கு வர்ற விலை வேற.

நான் கமிஷன் மண்டியில கணக்கு எழுதினவன். பேரேட்டுல ஒரு பக்கம் விதைக்கு வாங்கினது, உரத்துக்கு வாங்கினது, பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினது. மறுபக்கம் சரக்கு வரவு. முன்பணம் வாங்கினவர் சரக்கை வேற மண்டிக்கு ஏத்தினா அடுத்த போகத்துக்குக் கை நீட்ட முடியாது. அவருக்குப் பக்கத்து ஊர் விலை தெரியலைன்னா நினைக்கறீங்க? பஸ்ஸுல வர்றவங்களைக் கேட்டாலே தெரிஞ்சிடும்.

வெண்டைப்பூ:
மண்டிக்கணக்கு சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் பொருளியலாளர்கள் ஃபாஃப்ஷாம், மின்டன் இருவரும் நடத்திய சோதனை 2012இல் வெளியானது. விலை, வானிலை, பயிர் ஆலோசனை எல்லாம் குறுஞ்செய்தியாக வரும் ஒரு கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த விலையில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

மேற்கு வங்கத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு 2008இல் தினமும் மொத்தச் சந்தை விலையைச் சொல்லிப் பார்த்தார்கள். சராசரி விலை அங்கேயும் அசையவில்லை. இவர்களால் நேராக மொத்தச் சந்தைக்குள் போய் விற்கவே முடியாது. ஊர் வியாபாரியிடம்தான் கொடுத்தாக வேண்டும். மேலே என்ன விலை போகிறது என்று தெரிந்தும், பேரம் பேச இன்னொரு கதவு இல்லை.

அலைவரிசை:
சரி, கதவு திறந்த இடத்தையும் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் 2000 அக்டோபரில் தொடங்கி ஐடிசி நிறுவனம் கிராமங்களில் இ-சௌபால் கணினி மையங்களை வைத்தது. சோயா விலையை அங்கேயே பார்க்கலாம். அபராஜிதா கோயலின் ஆய்வு 2010இல் வந்தது: மையங்கள் வந்த மாவட்டங்களில் மண்டி விலையே 1 முதல் 3 சதவீதம் ஏறியது. கவனியுங்கள், மண்டி விலை. கணினிப் பக்கமே போகாமல் வழக்கம்போல மண்டிக்கு ஏற்றியவருக்கும் அதில் பங்கு.

மண்டிக்கணக்கு:
அது கணினி செஞ்ச வேலையா, கம்பெனி செஞ்ச வேலையா? விலையைக் காட்டினதோட நிக்கலையே, தன் கிடங்குல நேரா கொள்முதலும் பண்ணுச்சு. மண்டிக்குப் போட்டியா பெரிய கையொன்னு காசோட வந்து நின்னா விலை ஏறத்தான் செய்யும். அதுக்குத் திரை எதுக்கு, கரும்பலகையில எழுதி வச்சாலும் போதும்.

அலைவரிசை:
கரும்பலகையில் எழுதி ஆயிரக்கணக்கான கிராமங்களில் தினமும் மாற்ற முடியாது, அய்யா. கொள்முதல் அத்தனை ஊருக்குப் பரவியதே அந்தக் கணினியால்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே தவறு.

செம்மண்:
ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001-06இல் செல்போன் கோபுரங்கள் வந்தபின் சந்தைக்குச் சந்தை தானிய விலை வித்தியாசம் 10 முதல் 16 சதவீதம் சுருங்கியது என்று பொருளியலாளர் ஜென்னி ஏகர் காட்டினார். பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு அவரே ஃபாஃப்ஷாமோடு சேர்ந்து விவசாயி கையில் வாங்கிய விலையைப் பார்த்தபோது, சராசரி ஏறவில்லை. போன் வந்து லாபம் பார்த்தது லாரி வைத்திருந்த வியாபாரி. ஜென்சனின் கேரளத்தில் அந்த லாரி, அதாவது படகு, மீனவரிடமே இருந்தது. என் வாதம் இவ்வளவுதான்.

கார்த்திகைப்பட்டம்:
விலையிலேயே ஏன் சுற்றுகிறீர்கள்? பயிர் ஆலோசனையைப் பாருங்கள். குஜராத்தில் பருத்தி விவசாயி போனில் கேள்வியைப் பேசிப் பதிந்தால், வேளாண் வல்லுநர் குரலிலேயே பதில் சொல்லும் சேவை நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பயன்பட்டது. ஆலோசனைச் சேவைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 கட்டுரை விளைச்சல் சுமார் 4 சதவீதம் கூடியது என்கிறது. செலவோ மிகக் குறைவு.

வெண்டைப்பூ:
நல்ல விஷயம்தான். ஆனால் கூடுதலாக விளைந்த அந்த 4 சதவீதமும் அதே மண்டிக்குத்தானே போகிறது? இழையின் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அலைவரிசை:
அப்படியானால் கர்நாடகத்துக்கு வாருங்கள். 2014இலிருந்து அங்கே ஒழுங்குமுறைச் சந்தைகளை ஒரே மின்னணுத் தளத்தில் இணைத்தார்கள். ஒரே உரிமத்தை வைத்துக்கொண்டு வெளியூர் வியாபாரியும் ஏலம் கேட்கலாம். சரக்கு உள்ளூர்ச் சந்தையில் இருக்க, போட்டிதான் பயணம் செய்கிறது. விவசாயி வண்டி பிடிக்க வேண்டியதில்லை. 2020இல் வந்த ஆய்வில் நெல்லுக்கு விலை சுமார் 5 சதவீதம் உயர்ந்திருக்கிறது, நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. நாடு தழுவிய மின்னணு வேளாண் சந்தையான இ-நாம் 2016 ஏப்ரலில் வந்ததும் இதே யோசனைதான். மண்டிக்கணக்கு கேட்ட போட்டி இதுதானே?

மண்டிக்கணக்கு:
இது கொஞ்சம் விஷயம்தாங்க, மறுக்கல. ஆனா அதே ஆய்வுல எல்லாப் பயிருக்கும் பலன் தெளிவாத் தெரியல, அதையும் சொல்லுங்க. இன்னொன்னு, ஏலத்துக்கு வர்றதுக்குச் சரக்கு முதல்ல சந்தைக்கு வரணும். களத்துமேட்டுலயே வியாபாரிக்குக் கொடுத்துட்டுப் போறவர்தான் எங்கிட்ட கணக்கு வச்சிருந்தவங்கள்ல பாதி. தளத்துல வித்தா பணம் வங்கிக்கு வரும், நியாயம்தான். ஆனா தை மாசம் விக்கறதுக்கு ஆடியிலேயே பணம் கொடுத்தது மண்டிக்காரர். அந்தத் தளம் ஆடியில என்ன கொடுக்குது?

அலைவரிசை:
அதற்கு வங்கியில் பயிர்க்கடன் வாங்கும் கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. 1998இலிருந்து.

மண்டிக்கணக்கு:
சொந்தமா பட்டா இருக்கறவருக்கு சுலபம். குத்தகைக்கு உழறவர் பேருல பட்டா இல்ல, எழுத்துல ஒப்பந்தமும் இல்ல. வங்கி வாசல்ல அவர் கையில என்ன காகிதம் காட்டுவார்?

செம்மண்:
கர்நாடகத் தளத்தில் விற்றவர்களில் குத்தகைதாரர் எத்தனை பேர் என்று தனியாகப் பிரித்துப் பார்த்த கணக்கு யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். அது இல்லாமல் இந்த 5 சதவீதம் யாருடையது என்று இரண்டு பேரும் விடிய விடியப் பேசலாம்.