பரண் மேல் கிடந்த பாம்புத் தலையன்

(‘மேலத்தெரு வீடு’ குழு, ஞாயிறு காலை)

பெரியப்பா: [படம்] [படம்]
பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. அப்பா சிலோனிலிருந்து கொண்டு வந்த முகமூடி. 100 வருடமாவது இருக்கும். நேற்று பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். பாலித் தீவுச் சாமானாம், கோயில் சடங்கில் கட்டி ஆடியதாம். 12,000 தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடவா?

மதுரை அத்தை: அய்யோ அண்ணா, இதுவா! சாப்பிடாவிட்டால் பாம்புத் தலையன் இறங்கி வருவான் என்று அம்மா மிரட்டுவாளே. நான் பயத்தில் தட்டை வழித்துத் தின்பேன்.

நான்: பெரியப்பா, வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.

பெரியப்பா: பின்னால் என்னடா இருக்கிறது, வெறும் கட்டை.

கொழும்பு சித்தப்பா: அண்ணே, இது பாலி இல்லை. தலைக்கு மேலே படமெடுத்து நிற்கிற நாகங்களைப் பாருங்கள். அம்பலாங்கொடைச் சாமான். கொழும்பிலிருந்து காலி நகரத்துக்குப் போகிற ரயிலில் காலிக்கு முன்னால் வரும் கடற்கரை ஊர். சிங்களத்தில் நாக ரக்ஷா, அதாவது நாகராட்சசன். பாம்புக்குப் பதில் கருடன் இருந்தால் குருளு ரக்ஷா, மயில் இருந்தால் மயூர ரக்ஷா.

சின்னவன்: பாலியிலும் பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு எல்லாம் வருகிறதே சித்தப்பா? ரங்டா என்கிற சூனியக்காரி முகமூடியின் புகைப்படம் ஒன்று பார்த்தேன், பயங்கரம்.

கொழும்பு சித்தப்பா: ரங்டாவுக்குத் தலைமுடி சடையாக இறங்கும், நாக்கு நெஞ்சு வரை தொங்கும். இப்படிப் பாம்பு மகுடம் கிடையாது. கண்ணையும் நாக்கையும் மட்டும் வைத்துச் சொன்னால் பாதி ஆசியாவின் முகமூடியும் ஒன்றுதான்.

மரக்கடை மாமா: மச்சான், எடை எப்படி?

பெரியப்பா: பார்க்கப் பெரிதாக இருக்கிறது, தூக்கினால் ஒன்றுமே இல்லை.

மரக்கடை மாமா: அம்பலாங்கொடையில் கடுரு என்கிற லேசான மரத்தில்தான் செதுக்குவார்கள். ஆனால் எடையை மட்டும் நம்ப முடியாது. பாலியில் எடுக்கிற பூலே மரமும் லேசுதான். அது வேறொன்றுமில்லை, நம்ம ஏழிலைப்பாலை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பலகை செய்த மரம்.

பெரியப்பா: [படம்] இதோ பின்பக்கம். பூச்சி அரித்த துளை எத்தனை பாருங்கள். பழசு இல்லாமலா?

மரக்கடை மாமா: நம்ம பரணில் இரண்டு வருடம் கிடந்தால் என் நாற்காலியே அப்படித்தான் ஆகும். துளையிலிருந்து மாவு கொட்டுகிறதா?

பெரியப்பா: இல்லை. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன், பளபளவென்று இருக்கிறது.

நான்: ஐயோ பெரியப்பா! இனிமேல் எண்ணெயும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். அப்புறம் சாயத்தின் வயதைப் பார்க்கவே முடியாது.

கொழும்பு சித்தப்பா: பின்பக்கம்தான் முக்கியம் அண்ணே. கட்டி ஆடியதென்றால் உள்ளே முகம் புதைகிற அளவுக்குக் குடைந்திருக்கும். நெற்றி, மூக்கு படுகிற இடம் வியர்வையில் கறுத்திருக்கும். ஓரத்தில் கயிறு உரசி வழவழப்பாகிப் போயிருக்கும். பார்ப்பதற்கும் எங்காவது துளை வேண்டும். இதில் கருவிழி அடைப்பு, உளித் தடம் அப்படியே கூராக நிற்கிறது, மேலே ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை. சுவரில் மாட்டச் செய்தது.

சின்னவன்: அப்போ கோயில் சடங்கு?

கொழும்பு சித்தப்பா: வியாபாரி கதை. நோய் தீர்க்க ஆடுகிற முகமூடி வேறு, அதற்குச் சன்னி என்று பெயர். 18 சன்னி உண்டு, செவிட்டுக்கு ஒன்று, குருட்டுக்கு ஒன்று என்று. ராட்சச முகங்கள் கோலம் என்கிற நாடகத்தில் வரும். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். மகாசம்மதன் என்கிற அரசனின் ராணிக்கு மசக்கை. முகமூடி ஆட்டம் பார்த்தே தீர வேண்டும் என்று ஆசை. இந்திரன் சொல்லி விசுவகர்மா முகமூடிகளைச் செதுக்கி அரண்மனைத் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போனாராம்.

மதுரை அத்தை: எனக்கு மசக்கையில் ஒரு மாங்காய்க்கே வழியில்லை 😄

நான்: பெரியப்பா, கீழ் ஓரத்தில் கிழிந்த காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறதே. கிட்டத்தில் எடுங்கள்.

பெரியப்பா: [படம்] கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘லக்சல’, கீழே ‘சிலோன்’.

நான்: அப்படியானால் முடிந்தது. லக்சல அரசாங்கக் கைவினைக் கடை, 1964இல் தொடங்கியது. 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. நடுவில் உள்ள அந்த எட்டு வருடத்தில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

பெரியப்பா: அதெப்படி? அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே தனுஷ்கோடி வழியாகக் கொண்டு வந்ததாக்கும்.

மதுரை அத்தை: இல்லை அண்ணா, அது வேறு பயணம். நீ அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். நான் நாலாம் வகுப்பு. புயலில் தனுஷ்கோடி போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ராமேஸ்வரத்துக்குத்தான் கப்பல் வந்தது, அம்மாவோடு அழைக்கப் போனேன். தகரப் பெட்டியில் தேயிலை, சோப்பு, அதற்கு அடியில் வேட்டியில் சுற்றி இவன். பெட்டியைத் திறந்ததும் அலறினேன்.

பெரியப்பா: 1964 டிசம்பரில் புயல். நீ சொல்வது சரியாகத்தான் வருகிறது. 100 வருடம் போச்சு.

மரக்கடை மாமா: விடுங்கள் மச்சான், 55 வருடமும் கொஞ்சமில்லை. தண்டவாளம் போட்ட மாதிரி வெட்டு, சாயம் அங்கங்கே உதிர்ந்தும் நாகப் படம் ஒன்றுகூட முறியவில்லை. நல்ல கை.

(மாலை)

பெரியப்பா: அந்த ஆளிடம் லக்சல சீட்டைப் பற்றிச் சொன்னேன். பாலி என்ற பேச்சே இல்லை. 4,000 என்கிறார்.

மதுரை அத்தை: அந்த ஆள் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம், எண்ணெயைத் துடைத்துப் பேருந்தில் கொடுத்து அனுப்பு அண்ணா. இங்கே பேரன் மூன்று நாளாகச் சாம்பார் சாதத்தைத் தொட மாட்டேன் என்கிறான்.