ஊசி போட்ட நாலாம் நாள் பழைய முகம்

கொலாஜன் ஊசி, அதாவது தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடம்பிலேயே வளரவைக்கும் ஊசி, போட்டுக்கொண்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் முகம் வீங்கி வடிந்த முதல் வாரத்திலிருந்து தொடங்குகிறேன். அதை யாராவது முன்கூட்டியே விளக்கியிருந்தால் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்ற இரண்டு மூன்று வருடங்களில் கன்னம் இரண்டும் உள்வாங்கிவிட்டன. பார்க்கிறவர்கள் எல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களில் தோலில் இருக்கும் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும் என்று தோல் டாக்டர் சொன்னபோதுதான், நான் ஒழுங்காகக் கவனித்துக்கொள்ளவில்லை என்ற குற்ற உணர்ச்சி விட்டது.

அவர் எனக்குப் போட்டது பாலி-எல்-லாக்டிக் அமிலம், ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் வருவது. ஆபரேஷனில் தானாகக் கரையும் தையல் நூல் போடுவார்கள் இல்லையா, அந்த வகைப் பொருள். பொடியாக வரும், நீர் சேர்த்துக் கலக்கி ஊசியில் ஏற்றுவார்கள். அன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் நிறைந்து பத்து வருடம் முந்தைய முகம்! நாலாம் நாள் காலை எழுந்து பார்க்கிறேன், எல்லாம் வடிந்து பழைய குழி அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

விஷயம் இதுதான்: முதல் நாள் கன்னத்தை நிறைத்தது கலக்கிய நீர். அதை உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே தங்கும் நுண்துகள்களை வெளியிலிருந்து வந்த பொருளாக உடம்பு அடையாளம் கண்டு சுற்றிவளைக்கிறது. அந்த வேலையில்தான் புதுக் கொலாஜன் படிகிறது. துகள் மெல்லக் கரைந்து போய்விடும், படிந்த கொலாஜன் தங்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஹயலூரானிக் அமில ஃபில்லர் (குழியை நிரப்பும் ஜெல் ஊசி) போட்டுக்கொண்ட தோழியின் முகத்தோடு நான் ஒப்பிட்டுப் பார்த்ததுதான் தப்பு. அது போட்ட அன்றே இடத்தை நிரப்பும். இது வேறு கணக்கு.

அப்புறம் மசாஜ். 5 நாள், தினம் 5 தடவை, தடவைக்கு 5 நிமிடம். செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு, கன்ன எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து வட்டமாகத் தேய்ப்பேன். முதல் இரண்டு நாள் தொட்டாலே கன்றிய வலி. துகள்கள் ஒரே இடத்தில் சேராமல் பரவ வேண்டும் என்பதற்காகச் சொல்வது, அதனால் ஒரு வேளைகூட விடவில்லை.

ஆறு வார இடைவெளியில் மூன்று தடவை போட்டுக்கொண்டேன். மாற்றத்தை முதலில் பார்த்தது என் மகள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கன்னக் குழியில் ஒரு நிழல் விழும். ஐந்தாவது மாதம் ஒரு நாள், "அம்மா, அந்த நிழலைக் காணோம்" என்றாள்.

——

அக்கா, உங்களுக்கு நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். என் கதையையும் இங்கே வைக்கிறேன். வேறு யாருக்கும் இப்படி ஆகக்கூடாது.

நான் போன கிளினிக்கில் இதே மருந்தை வாயோரத்திலேயே ஊசி போட்டார்கள். உதட்டைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அங்கே தோல் மெல்லிசு, தசை ஓயாமல் அசைகிறது, துகள் திரண்டுவிடும். பத்தாவது வாரம் பல் தேய்க்கும்போது நாக்கில் தட்டுப்பட்டது, கடுகளவு ஒரு கட்டி. வெளியே தெரியாது. ஆனால் நாக்கு அங்கேயே போய் நிற்கும், நாள் முழுக்க.

ஹயலூரானிக் ஃபில்லர் என்றால் ஹயலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். இதற்கு அப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது. வேறொரு டாக்டர் உப்புநீர் செலுத்தி, ஊசி முனையால் உடைத்து உடைத்து, பல மாதங்களில் குறைத்தார். முன்பெல்லாம் குப்பிக்கு 3 முதல் 5 மில்லி நீர்தான் சேர்ப்பார்களாம், கட்டிகளும் அதிகம் வந்தனவாம். இப்போது 8 மில்லி அளவுக்கு நீர்க்கக் கலக்குகிறார்கள். எனக்கு எவ்வளவு கலந்தார்கள் என்று கேட்டேன், பதிலே வரவில்லை.

தயவுசெய்து போவதற்கு முன் கேளுங்கள்: எவ்வளவு நீரில் கலக்குகிறீர்கள், எந்த இடங்களில் போட மாட்டீர்கள், கட்டி வந்தால் யார் பார்ப்பார்கள். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றாலோ, தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது) இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடம் வெளிறிப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மருந்து ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம், அந்த நிமிடமே டாக்டர் பார்க்க வேண்டும்.

——

ஒரு ஆண் இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆரம்ப காலத்தில் எடுத்துக்கொண்ட ஸ்டாவுடின் மாத்திரை உயிரைக் காப்பாற்றியது, முகத்துக் கொழுப்பை எடுத்துக்கொண்டது. கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டு குழிந்து, நான் வாய் திறக்கும் முன்பே முகம் என் நோயைச் சொல்லிவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் பேசும் இந்த மருந்துக்கு 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதி கொடுத்ததே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். முகச் சுருக்கத்துக்கான அனுமதி 2009இல்தான் வந்தது. எனக்கு நாலு தடவை தேவைப்பட்டது. நாலாவது முடிந்து சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனேன், பல வருடங்களுக்குப் பிறகு. குரூப் போட்டோவில் முன் வரிசையில் நின்றேன்.

முகத்துக்காக ஊசி போட்டுக்கொள்வது வீண் ஆசை என்று யாராவது சொன்னால் மனசு கஷ்டப்படுகிறது.

——

முதலில் எழுதியவள்தான் மறுபடி வருகிறேன். தம்பி, நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு மகளிடமும் காட்டினேன்.

எவ்வளவு நாள் நிற்கும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இரண்டு வருடம் வரை என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் வகையைச் சேர்ந்த ரேடியெஸ் என்ற வேறொரு ஊசி போட்டுக்கொண்ட என் அண்ணிக்கு ஒரு வருடம் தாண்டியதும் குறையத் தொடங்கியது. எனக்கு இப்போது 20 மாதம். கன்னம் நிற்கிறது, இடது பக்கம் மட்டும் லேசாக இறங்கியது மாதிரி இருக்கிறது. அதே ஜன்னல் ஓரத்தில் மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் டாக்டரிடம் அவற்றைக் காட்டிவிட்டு, வாயோரத்தைப் பற்றித் தங்கை சொன்னதையும் கேட்டு வந்து எழுதுகிறேன்.