தங்க நிற முனை கருகிய அனுபவம் உங்களுக்கும் உண்டா?

கல்லடி லேத்:
போன மாதம் வாழைச்சேனையில் இருந்து ஒரு மீன்பிடிப் போட்டின் ஷாஃப்ட் பட்டறைக்கு வந்தது. ஸ்டெயின்லெஸ். குறுக்கே பின் போட ஒரு துளை வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வாங்கிய தங்க நிற ட்ரில் பிட்டைப் பூட்டினேன். போட்காரர் கடலுக்குப் போகும் அவசரத்தில் பக்கத்திலேயே நின்றார். நானும் எண்ணெய் விடாமல், வேகத்தையும் குறைக்காமல் இறக்கிவிட்டேன். பாதி ஆழத்தில் கீச்சென்று சத்தம். எடுத்துப் பார்த்தால் முனையின் ஓரத்தில் தங்க நிறம் செம்பாகி, அதற்குக் கீழே ஊதாவாகி, நுனி வெறும் சாம்பலாக நிற்கிறது. துளையின் அடியும் கண்ணாடி போல இறுகிவிட்டது. மிச்சத்தைத் துளைக்கக் காபைட் பிட் (தங்குதனும் காபனும் சேர்ந்த மிகக் கடினமான பிட்) தேடி அலைந்தேன். பூச்சுப் போட்ட பிட் சூடு தாங்கும் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? எந்தச் சூடு வரைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடி:
அண்ணா, நீங்கள் சொல்லும் அதே நிறங்களை நான் உலையில் பார்த்திருக்கிறேன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகப் பூச்சிட்ட துண்டுகளைச் சூடாக்கிச் சூடாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

உங்கள் பிட்டில் இருப்பது தைத்தேனியம் நைத்திரைட்டு, அதாவது தைத்தேனியமும் நைதரசனும் சேர்ந்த பூச்சு. தடிப்பு 2 முதல் 5 மைக்ரோன் வரைதான் இருக்கும், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. 400 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் வைத்த துண்டு அப்படியே தங்கமாக வெளியே வந்தது. 500ஐத் தாண்டியதும் செம்பு நிறம். 600இல் நீலமும் சாம்பலும். 700இல் எடுத்ததை ஆறவிட்டு விரலால் தடவினேன், அரிசி மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. காற்றில் இருக்கும் ஒட்சிசன் உள்ளே புகுந்து நைதரசனை வெளியே தள்ளிவிட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டை உண்டாக்குகிறது. அதற்கு முன்பிருந்த நைத்திரைட்டை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். இடம் போதாமல் வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாகவே இன்னும் ஒட்சிசன் இறங்குகிறது.

அலுமினியம் சேர்த்த பூச்சு வேறு மாதிரி. பார்க்க ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். சூடு ஏற ஏற அலுமினியம் மேற்பரப்புக்கு வந்து, அலுமினியம் ஒட்சைட்டாக ஓர் இறுக்கமான தோலைக் கட்டுகிறது. ஒட்சிசனால் அதை இலேசில் ஊடுருவ முடியாது. அதனால் 800 பாகை அளவுக்குத் தாங்கும். தைத்தேனியத்துக்குப் பதில் குரோமியத்தோடு அலுமினியத்தைச் சேர்த்தால் 1000 பாகையைத் தொடலாம். எல்லாமே ஒட்சியேறத்தான் செய்கின்றன அண்ணா. உண்டாகும் ஒட்சைட்டு கதவை மூடுகிறதா, திறந்துவிடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு துண்டை மட்டும் என்னால் மறக்க முடியாது. கறுப்புப் பூச்சுப் போட்ட காபைட் இன்சேர்ட் (கருவியின் நுனியில் பூட்டும் சிறு வெட்டுத்துண்டு), ஒரு மூலை ஏற்கெனவே உடைந்திருந்தது. 800 பாகையில் வைத்து எடுத்தேன். பூச்சு இருந்த முகமெல்லாம் அப்படியே இருந்தது. உடைந்த மூலையில் மட்டும் மஞ்சள் பச்சையாகப் பொரி பொரிந்தது போல ஊதி நின்றது. பூச்சு இல்லாத இடத்தில் தங்குதன் ஒட்சைட்டாகி வீங்கியிருக்கிறது. அந்த மெல்லிய தோல் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சம்மாந்துறை மில்:
நம்மட பக்கத்து அனுபவத்தையும் சொல்கிறேன். வாப்பாவின் நெல் மில்லில் ஒரு ஷாஃப்டுக்குச் சாவிக்காடி (சில்லை இறுக்கும் சாவி உட்காரும் பள்ளம்) வெட்டவேண்டி வந்தது. கறுப்புப் பூச்சுப் போட்ட காபைட் என்ட்மில், சுழன்று காடி வெட்டும் முனை அது. சூடாகிறதே என்று பயந்து போத்தலால் கூலன்ட்டை (சூட்டைத் தணிக்கும் திரவம்) சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு காடி முடிவதற்குள் முனை உதிர்ந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெட்டும் ஓரத்துக்குக் குறுக்கே சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். பெரிய காக்கா (மூத்த அண்ணன்) வந்து பார்த்துவிட்டு, சுட்ட சட்டியில் தண்ணீர் தெளித்த கதைதான் இது என்றார். மில்லிங்கில் பல் வெட்டும்போது சூடாகி, வெளியே வரும்போது ஆறும். விட்டுவிட்டு ஊற்றினால் அந்த அடி இரட்டிப்பாகும். அடுத்த முனைக்குக் காற்று மட்டும் அடித்துச் சீவலை விலக்கினேன். இரண்டு காடியும் ஒரே முனையில் முடிந்தது.

தங்கச்சி, ஒரு கேள்வி. அலுமினியம்தான் காப்பாற்றுகிறதென்றால் அதை இன்னும் கூட்டலாமே?

செங்கலடி:
ஓரளவுக்குத்தான் காக்கா. தைத்தேனியம் கலந்த பூச்சில் உலோகப் பங்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டுக்கு மேல் அலுமினியம் போனால் படிக அமைப்பே மாறிவிடும், கடினம் இறங்கிவிடும். குரோமியத்தோடு சேர்க்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொள்ளும்.

கல்லடி அண்ணாவுக்கு இன்னொன்று. உங்கள் பிட் ஹைஸ்பீட் உருக்கு. அந்த உருக்கே 600 பாகையை நெருங்கும்போது இளகத் தொடங்கும். அதற்கு மேல் எந்தப் பூச்சைப் பூசினாலும் அடியில் தாங்க ஆள் இல்லை. சாணை பிடித்தால் முன்பக்கப் பூச்சு போய்விடும்தான். ஆனாலும் பிட்டின் பள்ளத்தில் பூச்சு மிஞ்சும், சீவல் ஒட்டாமல் வழுக்கும். அதனால் எறிந்துவிடாதீர்கள்.

கல்லடி லேத்:
சரி தங்கச்சி, செய்து பார்த்தாயிற்று. நேற்று இன்னொரு ஷாஃப்ட் வந்தது. புதுத் தங்கப் பிட், பாதி வேகம், எண்ணெய் விட்டபடி. பிட்டை வெறுமனே உரசவிடாமல் ஒரே சீராக அழுத்தி இறக்கினேன். சீவல் சுருள் சுருளாக வெள்ளையாகவே வந்தது. துளை முடிந்ததும் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனையோரம் மஞ்சளாகவே இருந்தது. பழைய பிட்டுக்கும் சாணை பிடித்து வைத்திருக்கிறேன், அதை இனி இரும்புக்கு மட்டும்.