தொட்டியில் வளரும் குட்டை ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களின் சீரற்ற காய்ப்பு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

துளிர்:
என்னுடையது ஒட்டுக்கட்டிய குட்டை மாண்டரின் ஆரஞ்சு. சென்ற பருவத்தில் கிளைகள் வளைந்து தொங்கும் அளவுக்குக் காய்த்தது. உரமும் நீரும் வெயிலும் அப்படியே இருக்க, இந்தப் பருவத்தில் மரம் முழுவதும் இலைத்துளிர்தான் வந்தது. ஒவ்வொரு நுனியாக இலைகளை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சென்ற ஆண்டு ஒரு காய்கூடப் பிடிக்காத பக்கக்கிளை ஒன்றில் மட்டும் மொட்டுகள் நெருக்கமாக நின்றன. ஒரே மரத்தில் ஒரு கிளைக்கு மட்டும் இப்படி நேர்ந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை.

வேர்க்கால்:
அந்தக் கிளையிலேயே விடை இருக்கிறது. வளரும் காய்களும் அவற்றின் விதைகளும் உண்டாக்கும் ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கி, அடுத்த பருவத்து மொட்டுகள் உருவாவதைத் தடுக்கிறது. சேமித்த மாவுச்சத்தையும் காய்களே எடுத்துக்கொள்கின்றன. சுமை சுமக்காத கிளைக்கு இந்த இரு தடைகளும் இல்லை. எனது மாண்டரினும் ஒரு பருவம் காய்த்து மறு பருவம் ஓய்ந்துகொண்டுதான் இருந்தது. நிறையக் காய்க்கும் ஆண்டில், இயற்கையாகப் பிஞ்சு உதிர்ந்து முடிந்தபின், நெருக்கமாக இருப்பவற்றில் சிறியவற்றைக் கிள்ளிவிடுங்கள். பழுத்தவற்றை அழகுக்காக மரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். அவை நிற்கும் ஒவ்வொரு வாரமும் அடுத்த பூப்பைக் குறைக்கிறது. காய்ப்பு ஓய்ந்த ஆண்டில் தழைச்சத்தைக் கூட்டினால் இலைதான் பெருகும், பூ வராது.

வெயில்முற்றம்:
மாண்டரினுக்கு நீங்கள் கூறுவது சரி. ஆனால், தொட்டி மரங்கள் எல்லாவற்றுக்கும் அதே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. என் மேயர் எலுமிச்சை ஆண்டில் பலமுறை பூக்கிறது; காய்தான் நிற்பதில்லை. ஒரு காலையில் தொட்டியைச் சுற்றித் தரை வெள்ளையாகப் பூக்களும் மிளகளவுப் பிஞ்சுகளுமாகக் கிடந்ததைக் கண்டு நான் திகைத்து நின்றேன். மகரந்தச் சேர்க்கை இல்லாததே காரணம் என்று பலர் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தடவச் சொன்னார்கள். மேயர் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் வகை. அதனால் அதை நான் ஏற்கவில்லை. எந்த ஆரோக்கியமான மரத்திலும் பூக்களில் மிகச் சிறு பங்கே காயாகும். அதற்கு மேலும் உதிர்கிறதென்றால், மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்ததா, மரம் திடீரென வெயிலிலிருந்து நிழலுக்கு மாறியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூவிலை:
ஒட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை இருவருமே பேசவில்லை. காய்ப்பு நின்றுபோன என் குட்டை ஆரஞ்சில் நீண்ட முட்களுடன் ஒரு கிளை மற்றவற்றை மீறி வளர்ந்தது. அதன் ஒவ்வொரு இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருந்ததைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. விரலால் தொடர்ந்து போனால், அது ஒட்டின் தழும்புக்குக் கீழே, நல்ல வகையை ஒட்டுவதற்கு அடியில் வேராக அமைந்த வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருந்தது. குட்டையாக்கப் பயன்படும் ஃபிளையிங் டிராகன் போன்ற மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடிகளின் துளிர் இப்படித்தான் இருக்கும். விட்டால் மேலுள்ள நல்ல வகையையே அமுக்கிவிடும். துளிர், உங்கள் மொட்டுக் கிளை ஒட்டுக்கு மேலேதான் இருக்கிறதா?

துளிர்:
மேலேதான் இருக்கிறது, இலைகளும் ஒற்றை இலைகளே. காய்களைக் கிள்ளுவதற்குத்தான் மனம் வரவில்லை. ஆயினும் அந்தக் கிளையில் பிஞ்சு பிடித்ததும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.